கொட்டகை முதலாளிமாரின் தீர்ப்பு: பேசும்படம் வந்த காலத்துக் கதைகள்

கந்தர்மடத்தான் எழுதியது:

பழைய அமெரிக்கத் தொழில் பத்திரிகை ஒன்றை இணையத்தில் வாசித்து வருகிறேன். பெயர் 'எக்சிபிட்டர்ஸ் ஹெரால்ட்'. சிக்காகோவிலிருந்து வாராவாரம் வந்தது. 1930களில் 'மோஷன் பிக்சர் ஹெரால்ட்' என்று பெயர் மாறியது. தியேட்டர் நடத்துகிறவர்களுக்கான பத்திரிகை அது. அதில் 'இந்தப் படம் எனக்கு என்ன செய்தது' என்ற பொருள்பட ஒரு பகுதி. அயோவா, கன்சாஸ், நெப்ராஸ்கா என்று எங்கெங்கோ சின்ன ஊர்களில் கொட்டகை வைத்திருந்தவர்கள், தாங்கள் ஓட்டிய படத்தைப் பற்றி நாலைந்து வரி எழுதி அனுப்புவார்கள். கீழே தங்கள் பெயர், தியேட்டர், ஊர். அதற்கும் கீழே தங்களிடம் வருகிற சனம் எப்படிப்பட்டது என்று ஒரு குறிப்பு: சிற்றூர்ச் சனம், பொதுச்சனம் என்ற மாதிரி.

அந்தக் கடைசிக் குறிப்பில்தான் விசயம் இருக்கிறது. நியூயோர்க்கில் ஒரு படம் வாரக்கணக்கில் ஓடியது என்ற செய்தியை வைத்துக்கொண்டு, ஆயிரம் பேர் இருக்கிற ஊரில் ஒரு மனிதன் என்ன செய்வான்? தன்னைப்போல இன்னொரு ஊர்க்காரன் சொன்னால்தான் அவனுக்குப் பயன். அதனால் நடிப்பைப் பற்றி ஒரு வரி எழுதினால், அன்று மழையா பனியா என்பதைப் பற்றியும் ஒரு வரி எழுதுவார்கள். படம் நல்லது, காசு தேறவில்லை. படம் குப்பை, சனிக்கிழமை நிரம்பி வழிந்தது. இந்த இரண்டு தீர்ப்பும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்.

பேசும்படம் வந்த பிறகுதான் இந்தப் பகுதியில் சூடு ஏறுகிறது. 1927 ஒக்டோபரில் வார்னர் கம்பனியின் படம் நியூயோர்க்கில் பேசியது, பாடியது. அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் ஒவ்வொரு சின்ன முதலாளியும் பல ஆயிரம் டாலர் கொட்டி ஒலிக்கருவி பூட்ட வேண்டும், இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டும். பூட்டிய பிறகும் படத்துக்கு ஒரு வாடகை, ஒலிக்கென்று தனியாக இன்னொரு கட்டணம். எழுதியனுப்பியவர்கள் எரிந்து விழுந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. வாய் ஓயாமல் கதைக்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்பது ஒரு முறைப்பாடு. இங்கிலாந்துக்காரரின் உச்சரிப்பு எங்கள் சனத்துக்கு விளங்கவில்லை என்பது இன்னொன்று. ஆங்கிலப் படம், ஆங்கிலம் பேசுகிற ஊர், ஆனாலும் விளங்கவில்லையாம்.

இதையெல்லாம் வாசிக்கும்போது என் அம்மப்பாவின் குரல்தான் காதில் கேட்டது. நாற்பதுகளில் யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் ரிக்கற் கொடுக்கிற இடத்தில் இருந்தவர். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, இந்தியப் படங்கள் குறைந்து, பழைய படங்கள் திரும்பத் திரும்ப ஓடிய காலத்தில் நான் பள்ளிக்கூடப் பெடியன். எந்தப் பழைய படத்தின் நோட்டீசைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அது முதல்தடவை வந்தபோது எத்தனை நாள் நின்றது, ஏன் எடுத்தார்கள் என்று சொல்லுவார். கதையைச் சொல்லவே மாட்டார். பாதிப் படங்களை அவர் உள்ளே போய்ப் பார்த்ததும் இல்லை.

அவருடைய முதல் கேள்வி: "பொம்பிளையள் வருவினமோ?" ஆம்பிளை வந்தால் ஒரு ரிக்கற். பொம்பிளை தனிய வரமாட்டாள். பிள்ளைகள், மாமி, பக்கத்து வீட்டுக்காரி என்று ஒரு கூடார வண்டில் நிறைய வந்து இறங்கும். இரண்டாவது: "பாட்டு எத்தினை?" அந்தக் காலத்துப் படங்களில் முப்பது நாற்பது பாட்டு சாதாரணம், 1934இல் வந்த 'பவளக்கொடி'யில் ஐம்பது அளவில் என்பார்கள். மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்தது: "தெரிஞ்ச கதையோ?" புராணக் கதையை அவர் விரும்பியதற்குக் காரணம் பக்தி இல்லை. தகரக் கூரை, பக்கமெல்லாம் திறப்பு, ஒலிபெருக்கி கரகரக்கும். வசனம் பாதி கேட்காது. வள்ளி கதை என்றால் கேட்காவிட்டாலும் சனம் கோபிக்காது. புதுக்கதை என்றால் "என்ன சொன்னவன்?" என்று கலரி (மலிவு ரிக்கற் இடம்) முழுக்க ஒருவரை ஒருவர் கேட்கும், அந்தச் சத்தத்தில் அடுத்த வசனமும் போய்விடும். தமிழ்ப் பேசும்படம் ஏன் இவ்வளவு காலம் புராணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். கூரையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

உங்கள் வீடுகளிலும் இப்படி யாராவது இருந்திருப்பார்கள். கேட்டதை எழுதுங்கோ.

சுன்னாகத்தார் எழுதியது:

அண்ணை, கொட்டகைக்காரரை ஞானிகள் ஆக்காதீர்கள். அம்மப்பாவைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். கூரை ஒழுகினாலும் படம் சரியில்லை, வாங்கில் மூட்டைப்பூச்சி கடித்தாலும் படம் சரியில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் வியாபாரம் இல்லை என்று அழுவார்கள். பூங்காவனம் முடிந்து வெளியூர்ச் சனம் இரண்டாவது காட்சிக்கு வந்து குவிந்தால் அதைச் சொல்லமாட்டார்கள்.

ஒரு விசயத்தில் மட்டும் அவர்களுக்காகப் பேசலாம். அமெரிக்காவில் பெரிய ஸ்டூடியோக்கள் ஒரு வருடத்துப் படங்களை ஒரே கட்டாகத் தள்ளிவிடும். நல்ல நடிகரின் படம் இரண்டு வேண்டுமென்றால், இன்னும் எடுத்தே முடியாத இருபது படத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். 1948இல் உச்ச நீதிமன்றம் தடுக்கும்வரை இதுதான் நடைமுறை. ஆகவே அந்தப் பத்திரிகைக்கு எழுதினவர்களில் பலர், தாங்கள் தெரிந்தெடுக்காத படத்தைப் பற்றித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். நம்மூரிலும் அப்படித்தான், கொழும்பிலிருந்து என்ன படப்பெட்டி வருகிறதோ அதுதான் படம். 1928இல் சிற்றம்பலம் கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியைத் தொடங்கியது முதல் இந்த நாட்டுப் பட வியாபாரத்தின் கயிறு கொழும்பில்தான் இருந்தது. இழுத்தவரும் ஒரு தமிழர்தான் என்பது வேறு கதை.

ஒப்பரேட்டரின் மகன் எழுதியது:

கூரையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கூரை மட்டும் இல்லை.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் மிசின் அறையில் நின்றவர். தட்டில் ஒலி வந்த காலத்தை அவர் பார்க்கவில்லை, தனக்குத் தொழில் பழக்கியவரிடம் கேட்டது. வார்னர் கம்பனியின் வைட்டபோன் முறையில் ஒரு றீலுக்கு ஒரு இசைத்தட்டு. 16 அங்குலத் தட்டு, ஏறக்குறைய 11 நிமிடம். ஊசி உள்ளேயிருந்து வெளியே போகும். இருபது தடவை ஓட்டினால் தட்டு தேய்ந்துவிடும், புதுசு வேண்டும். படச்சுருள் நடுவில் அறுந்தால் ஒட்டிவிட்டுப் போக முடியாது. எத்தனை கட்டம் போனதோ அத்தனை கட்டத்துக்குக் கறுப்புச் சுருள் வைத்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவள் வாயசைக்கும்போது அவன் குரல் வரும். இப்போது யோசியுங்கள்: கன்சாசில் ஒரு மனிதர் "குரல் பொருந்தவில்லை, மோசமான படம்" என்று எழுதினால், அது படத்தின் பிழையா, முதல்நாள் வேறொரு ஊரில் அவசரமாக ஒட்டினவரின் பிழையா?

பிறகு ஒலி சுருளின் ஓரத்திலேயே வந்தது. ஒரு சின்ன விளக்கின் ஒளி அந்த ஓரக் கோட்டினூடாகப் போய் ஒளிமின்கலத்தில் விழ, சத்தம் பிறக்கும். இதில் ஒட்டிய இடம் வரும்போதெல்லாம் 'டப்' என்று வெடிக்கும். அதற்கு அந்த இடத்தில் ஒலிக்கோட்டின் மேல் முக்கோணமாகக் கறுப்பு மை பூசுவார்கள். அப்பா பூசுவது அவ்வளவு நேர்த்தி. அவசரக்கார ஒப்பரேட்டர் கையில் போய்வந்த பிரதி என்றால் பெட்டியைத் திறந்த உடனேயே முகம் கறுத்துவிடும்.

முக்கியமானது இதுதான். ஆள் நிரம்பினால் சத்தத்தைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் மனித உடம்பும் உடுப்பும் சத்தத்தை உறிஞ்சிவிடும். வெறும் கொட்டகை எதிரொலிக்கும், பேச்சு ஒன்றுக்குமேல் ஒன்று ஏறும். அதாவது ஓடாத படம் இன்னும் மோசமாகக் கேட்கும். முதல் நாள் சனம் வரவில்லையென்றால் வந்த பத்துப்பேருக்கும் வசனம் விளங்காது. அவர்கள் போய் ஊரில் "ஒண்டும் விளங்கேல்லை" என்பார்கள். இரண்டாம் நாளும் காலி. இதை எந்த முதலாளியும் கணக்கில் எடுக்கவில்லை என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கார்த்திகை மழைக்குத் தகரத்தில் என்ன கேட்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வதிரிப் பெண் எழுதியது:

எல்லோரும் முதலாளியையும் ஒப்பரேட்டரையும் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் அப்பாச்சியின் தங்கை கொட்டகை வாசலில் கச்சான் (நிலக்கடலை) விற்றவர். படம் ஓடுமா ஓடாதா என்பதை அவரிடம் கேட்டுத்தான் முதலாளி அடுத்த பெட்டிக்குத் தந்தி அடிப்பாராம். இதை அவரே சொன்னதால் கொஞ்சம் குறைத்து நம்பலாம்.

அவருடைய கணக்கு வேறு மாதிரி. இடைவேளையில் கச்சான் நன்றாக விற்றால் படம் பரவாயில்லை. படம் தொடங்கி அரைமணிக்குள் ஆட்கள் வெளியே வந்து கச்சான் வாங்கினால் முடிந்தது கதை. மிக நல்ல படத்துக்கு இடைவேளையிலும் விற்காதாம். இடம் போய்விடும் என்று கலரிச் சனம் எழும்பாது. ஆக அவருக்குப் பிடித்தது நடுத்தரமான படங்கள்தான்.

கந்தர்மடத்தான் மீண்டும்:

வதிரி அக்கா, உங்கள் அப்பாச்சியின் தங்கையை அந்த அமெரிக்கப் பத்திரிகைக்கு எழுத விட்டிருக்க வேண்டும்.

ஒப்பரேட்டரின் மகன் சொன்னதற்குப் பிறகு பழைய பக்கங்களை வேறு கண்ணால் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் சுன்னாகத்தாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கொட்டகைக்காரர் கூட்டமாகச் சொன்ன தீர்ப்பு பல இடங்களில் ஸ்டூடியோக்காரர் கணிப்பைவிடக் கூர்மை. அதே பத்திரிகையின் ஆட்கள் 1932 முதல் தியேட்டர்காரர்களிடம் வருடாவருடம் கேட்டார்கள்: உங்களுக்குக் காசு கொண்டுவந்த நட்சத்திரம் யார்? கார்போ, குரோஃபோர்ட் என்று அழகிகள் நிறைந்த ஹொலிவுட். 1932லும் 1933லும் முதலிடம் மரி ட்ரெஸ்லருக்கு. அறுபது தாண்டிய, பருத்த உடம்புக்காரி. 1934இல் நாட்டுப்புறத்தான் போலப் பேசுகிற வில் ரோஜர்ஸ். 1935இலிருந்து நாலு வருடம் ஷேர்லி டெம்பிள், ஒரு சிறுபிள்ளை. கிழவி, கிராமத்தான், குழந்தை. குடும்பமாக வருகிற சனத்தின் தெரிவு இது என்று வேறு சான்று வேண்டாம்.

1935இல் 'வரைட்டி' என்ற அமெரிக்கப் பொழுதுபோக்குத் தொழில் பத்திரிகை, நாட்டுப்புறத்தார் நாட்டுப்புறப் படங்களை ஒதுக்குகிறார்கள் என்று தலைப்புப் போட்டது. இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற தலைப்பு. முந்தின வருடம்தான் வில் ரோஜர்ஸ் முதலிடம். ஆக அவர்கள் ஒதுக்கியது, நகரத்தில் இருப்பவன் தங்களைப் பட்டிக்காட்டான் என்று நினைத்து எடுத்த படங்களைத்தான் என்று எனக்குப் படுகிறது. நம்மிடமும் யாழ்ப்பாணத்தான் போலப் பேசிக்காட்டுகிற பாத்திரம் வந்தால் சனம் முதலில் சிரிக்கும், பிறகு முகம் சுளிக்கும்.

அப்புறம் ஒரு சின்ன விசயம். 1936இல் 'சதி லீலாவதி' வந்தது, எம்ஜிஆருக்கு முதல் படம். கதை நடுவில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறது. எடுத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், தமிழ் தெரியாது. பாஷை தெரியாமல் எப்படிப் படம் எடுத்தார் என்று வியப்பவர்கள் உண்டு. அம்மப்பாவுக்கு அதில் வியப்பே இல்லை. "எங்கட கலரியிலயும் பாதிப் பேருக்கு வசனம் கேக்கேல்லைத்தானே" என்றார்.

சுன்னாகத்தார் மீண்டும்:

அந்தக் கிழவி விசயத்துக்கு மட்டும் பதில். நம்மிடமும் நடந்தது. கே. பி. சுந்தராம்பாள் 1935இல் நந்தனாராக ஆண் வேடம் போட ஒரு லட்சம் ரூபா வாங்கினார் என்பார்கள். பிறகு 1953இல் ஜெமினி 'ஔவையார்' எடுத்தபோதும் அவர்தான். காதல் இல்லை, கதாநாயகன் இல்லை, நரைத்த தலையோடு ஒரு பாட்டி ஊர் ஊராகப் பாடிக்கொண்டு நடக்கிறாள். எங்கள் வீட்டில் அம்மம்மா வாழ்நாளில் தியேட்டரில் பார்த்த ஒரே படம் அதுதான். வண்டில் பிடித்து, அயலட்டையையும் ஏற்றிக்கொண்டு போனாராம்.

சரி, அம்மப்பாவின் முதல் கேள்வியை ஒத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் இன்னும் விவாதத்துக்கு உரியவை.