ஹைலக்ஸ் 3எல்: ரீபில்ட் இஞ்சின் ஏற்றும்போது எதையெல்லாம் புதுசாகப் போடணும்?

தோட்டத்துப் பிக்கப் (சுங்கை சிப்புட்)

வண்டி 1994 டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106, 3எல் என்கிற டீசல் இஞ்சின், ஃபோர் வீல். தோட்டத்துக்குள்ளே உரமும் செம்பனைக் குலையும் ஏற்றுகிற வண்டி. தண்ணி வற்றி, சூடேறி, ஹெட் வெடித்துவிட்டது. ஹெட்டோடு சேர்ந்த ரீபில்ட் இஞ்சின் (பிரித்துப் புதுப்பித்தது) வாங்கியாச்சு, என் பழைய பிளாக் இல்லை, வேறு பிளாக். டீசல் பம்ப், இன்ஜெக்டர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் பழசிலிருந்து மாற்றணும். செயின் பிளாக் இருக்கு, ஆள் இரண்டு பேர்.

கீர்பாக்ஸோடு சேர்த்துத் தூக்குவதா, தனியாகவா? எது எது கட்டாயம் புதுசு? கெரானில் (வண்டிப் பதிவுப் பத்திரம்) என்ன செய்யணும்?

ஈப்போ ஸ்பேனர்

கீர்பாக்ஸ் வண்டியிலேயே இருக்கட்டும் தம்பி. டிரான்ஸ்ஃபர் கேஸோடு (முன் பின் சக்கரங்களுக்குச் சக்தி பிரிக்கும் பெட்டி) சேர்த்துத் தூக்கினால் இரண்டு பேரால் சமாளிக்க முடியாது. பானெட், ரேடியேட்டர், ஃபேன் மூன்றையும் கழற்றுங்க. பெல் ஹவுசிங்குக்கு (கிளட்ச்சை மூடுகிற கீர்பாக்ஸ் கூடு) கீழே ஜாக்கியும் பலகையும் வைத்துத் தாங்கல் கொடுத்த பிறகுதான் போல்ட்டில் கை வைக்கணும்.

புது இஞ்சினை உள்ளே இறக்கும்போதுதான் பாதிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். கிரேங்க் நுனியில் கீர்பாக்ஸ் ஷாஃப்ட்டைத் தாங்குகிற பைலட் பேரிங் புதுசு. பின் மெயின் சீல் மாற்றியிருக்கா என்று ஃப்ளைவீல் போடும் முன்னாடியே பாருங்க. கிளட்ச் டிஸ்க்கை அலைன்மென்ட் குச்சி வைத்து நடுவுக்குக் கொண்டுவந்து, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். பிளாக்கில் கீர்பாக்ஸை நேராக உட்காரவைக்கிற இரண்டு டவல் பின்னும் இருக்கா? ரீபில்ட் பிளாக்கில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், பழசிலிருந்து கழற்றி அடியுங்க.

இஞ்சினும் கீர்பாக்ஸும் கையால் தள்ளியே ஒட்டணும். அரை அங்குலம் இடைவெளி நின்றால், போல்ட்டைப் போட்டு இழுக்கவே கூடாது. இழுத்தால் டிஸ்க் நடுப்பகுதி வளையும், இல்லாவிட்டால் ஹவுசிங் காது உடையும். கீரில் போட்டுவிட்டு கிரேங்க் புல்லியைக் கொஞ்சம் திருப்புங்க, பல் பொருந்தினால் தானே உள்ளே போகும்.

பம்ப் செட்டிங்

மேலே சொன்னது சரி. ஆனால் ரீபில்ட் இஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் பழசிலிருந்து எடுத்து மாட்டுகிற சாமான்தான்.

முதல் எதிரி ரேடியேட்டர். பழையது சூடேறித்தானே செத்தது? தண்ணி எங்கே போச்சு என்று தெரியாமல் புது இஞ்சினில் சாவி திருப்பாதீங்க. ரேடியேட்டரைக் கடையில் கொடுத்து உள்ளே குச்சி விட்டுச் சுத்தம் செய்யணும். வெளியே செம்மண்ணும் செம்பனை நாரும் அடைத்திருந்தால் உள்பக்கமிருந்து வெளியே தண்ணி அடிங்க. மூடி, மேல் கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட் புதுசு. ஃபேன் கிளட்ச் சூட்டில் இருக்கும்போதும் லேசாகச் சுற்றினால் அதையும் மாற்றணும்.

ஆயில் கூலர் இருந்தால் பழசை அப்படியே போடாதீங்க. பேரிங் உரசிய தூள் அதற்குள்ளேதான் ஒளிந்திருக்கும்.

ஆல்டர்னேட்டர் பின்னாடி வேக்குவம் பம்ப் இருக்கு, பிரேக் அதை நம்பித்தான். அதற்குப் போகிற ஆயில் பைப்பில் புது செப்பு வாஷர், திரும்பி வருகிற ஹோஸ் மடங்காமல் கீழ்நோக்கி இறங்கணும். ஆயில் போகாவிட்டால் பம்ப் கடித்து பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

டீசல் பம்ப்பைக் கழற்றும் முன், பம்ப் முகத்துக்கும் கேஸுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி வையுங்க. அது தோராய டைமிங்தான், பிறகு டயல் கேஜ் வைத்துச் சரிபார்க்கணும். டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் புதுசு. பெல்ட் போட்டதும் கிரேங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிரேங்க், கேம், பம்ப் மூன்று மார்க்கும் மறுபடி பாருங்க. இப்போது டீசல் பங்கில் வருவது செம்பனை கலந்த டீசல். பழைய டாங்க் அழுக்கைக் கரைத்து இழுத்துவரும், அதனால் இரண்டு டீசல் ஃபில்டர் கையிருப்பு வையுங்க.

டேப்பட் கவரைத் திறந்து கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) அளக்கவும்: குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.20 முதல் 0.30 மிமீ, எக்ஸாஸ்ட் 0.40 முதல் 0.50. ஹெட் போல்ட் 78 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி. அப்படித்தான் இறுக்கினார்களா என்று விற்றவரிடம் கேளுங்க. பிஸ்டன் எவ்வளவு மேலே நிற்கிறது என்று அளந்துதான் பி, டி, எஃப் என்று தடிமனுக்கு ஏற்ப எழுத்துப் போட்ட ஹெட் கேஸ்கெட்டில் ஒன்றை எடுக்கணும். எந்த எழுத்து போட்டார்கள் என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்கியிருந்தால், எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

தோட்டத்துப் பிக்கப் (சுங்கை சிப்புட்)

நன்றி அண்ணே. எழுத்து டி என்று பில்லிலேயே இருக்கு. கடையில் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், ஊருக்கு அதுதான் நல்லது என்கிறார்கள். முதல் ஸ்டார்ட்டில் ஒரு மணி நேரம் ஐட்லில் விடவும் சொல்றாங்க.

ஈப்போ ஸ்பேனர்

இரண்டுமே வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினால் இஞ்சின் சூட்டுக்கே வராது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும். ரேடியேட்டர் அடைப்பும் வெளியே தெரியாது.

ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் ஃபில்டரை நிரப்பிப் போடுங்க. பம்ப்பில் இருக்கிற கட்-ஆஃப் சொலனாய்டு வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணைகிறவரை பத்துப் பத்து செகண்டாகக் கிராங்க் செய்யுங்க, நடுவில் ஸ்டார்ட்டர் ஆறணும். வயரை மாட்டி, ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்பை அழுத்தி, இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திக் காற்று எடுங்க. இஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகிற எர்த் கேபிளை மறந்தால் ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றும்.

ஓடத் தொடங்கியதும் ஒழுக்கு பார்க்கிற நேரம்தான் ஐட்லிங். நீண்ட நேரம் விட்டால் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்தி உட்காராது, சுவர் பளபளத்து ஆயில் குடிக்கும். பாதிச் சுமையோடு, கீரை மாற்றி மாற்றி, ரெவ்வை ஏற்றி இறக்கி ஓட்டுங்க. தோட்டத்து ஏற்றத்தில் உயர்ந்த கீரில் முனக விடாதீங்க. 15டபிள்யூ-40 மினரல் ஆயில் போதும். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றணும், 1000இல் டேப்பட் மறுபடி.

கெரான் பார்ப்பவர்

கடைசிக் கேள்விக்கு: பழைய பிளாக்கையே ரீபில்ட் செய்திருந்தால் எண் மாறாது, ஒன்றும் செய்ய வேண்டாம். உங்களுக்கு பிளாக் வேறு, அதனால் இஞ்சின் எண்ணும் வேறு. ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) விண்ணப்பித்து, வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய், கெரானில் புது எண்ணை ஏற்றணும். வெளிநாட்டிலிருந்து வந்த பிளாக் என்றால் கடை பில்லோடு சுங்க கே1 பாரத்தின் (இறக்குமதி அறிவிப்பு) நகலும் கேட்டு வாங்குங்க. இஞ்சினை ஏற்றும் முன்பே எண்ணைத் துடைத்துப் படம் எடுத்து, பில்லில் இருக்கிற எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க. ஏற்றிய பிறகு அந்த இடத்தில் கண்ணும் போகாது, கையும் போகாது. இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்க.