பழவேற்காடு ஒருநாள் பயணம்: திருவொற்றியூர்ல இருந்து ரயில், பஸ் மட்டும் வெச்சு போய் வர முடியுமா?

தேரடித்_தெரு:
வணக்கம். வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம். வர்ற மாசம் ஒரு நாள் பழவேற்காடு போகலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரர், 11 வயசுப் பையன், மாமியார். மாமியாருக்கு 68 வயசு, முட்டி வலி. சமதரையில நடப்பாங்க, படிதான் கஷ்டம். சொந்த வண்டி இல்லை, கார் பேசுற எண்ணமும் இல்லை. பொன்னேரி வரைக்கும் ரயில் நல்லதா, இல்ல செங்குன்றம் போய் பஸ் பிடிக்கிறது நல்லதா? ராத்திரி ஏழு, ஏழரைக்குள்ள வீடு சேரணும். படகு சவாரி இருக்குன்னு சிலர் சொல்றாங்க, இல்லைன்னு சிலர் சொல்றாங்க. பையனுக்கு சரித்திரம் பிடிக்கும், கோட்டை பார்க்கணும்னு குதிக்கிறான். வரும்போது இறால் வாங்கிட்டு வரணும்னு மாமியார் இப்பவே சொல்லிட்டாங்க.

கும்மிடி_லோக்கல்:
ரயில்தாங்க. திருவொற்றியூர்க்காரங்க செங்குன்றம் போறது சுத்துவழி. ஜிஎன்டி ரோடு (கொல்கத்தா போற நெடுஞ்சாலை) ஓரமா இருக்கிறவங்களுக்குத்தான் அது லாயக்கு.

சென்ட்ரல் மூர் மார்க்கெட்ல இருந்தும் பீச்ல இருந்தும் வர்ற லோக்கல் ரெண்டுமே கொருக்குப்பேட்டைக்கு அப்புறம் ஒரே பாதை, திருவொற்றியூர்ல நிக்கும். போர்டுல கும்மிடிப்பூண்டி இருந்தாலும் சூலூர்ப்பேட்டை இருந்தாலும் பொன்னேரி போகும், ஏறிடலாம். வழக்கமா முக்கால் மணி நேரம். ஆனா ஒரு மணி நேரம்னு கணக்கு வெச்சுக்குங்க. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் நிலக்கரி வண்டி, துறைமுகத்து கன்டெய்னர் வண்டி, விஜயவாடா பக்கம் போற எக்ஸ்பிரஸ் எல்லாம் குறுக்கிடும். எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழி விட்டுட்டு லோக்கல் சிக்னல்ல நிக்கும். போகும்போது இது தொந்தரவு இல்லை, திரும்பும்போதுதான் உங்க ஏழரை மணியைத் தின்னும்.

டிக்கெட்டை ரயில்ஒன் செயலில எடுங்க. ஸ்டேஷனுக்குள்ள வந்து பிளாட்பாரத்துல நின்னு எடுக்கப் போனா செயலி ஒத்துக்காது, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எடுத்துடுங்க. கவுன்ட்டர்ல எடுத்தா ரிட்டர்னும் சேர்த்தே கேளுங்க, சாயங்காலம் பொன்னேரி கவுன்ட்டர்ல வரிசையில நிக்கிற வேலை மிச்சம்.

முக்கியமா பார்க்க வேண்டியது லைன் பிளாக். சென்ட்ரல் – கூடூர் பாதையில பராமரிப்பு வேலைன்னு நடுப்பகல்ல சில மணி நேரம் லோக்கல்களை ரத்து பண்ணுவாங்க, இல்ல பாதி வழியோட நிறுத்துவாங்க. தெற்கு ரயில்வே முன்கூட்டியே அறிவிப்பு விடும், பேப்பர்லயும் வரும். நாள் குறிச்ச பிறகு கிளம்புறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதைப் பார்க்காம தூங்காதீங்க.

பொன்னேரில இறங்கினா பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ. அங்கிருந்து பழவேற்காடு பஸ், திருப்பாலைவனம் வழியா, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும். இந்த பஸ்தான் உங்க பயணத்துல சிக்கலான இடம். ரயில் ஒண்ணு போனா அடுத்தது வந்துடும். இந்த ரோட்டுல ஒரு பஸ் தப்பினா வெயில்ல காத்துக் கிடக்கணும். பழவேற்காட்டுல இறங்குறப்பவே மத்தியானம் மூணு மணிக்கு மேல திரும்பி வர்ற பஸ் எத்தனை மணிக்குன்னு கண்டக்டர்கிட்ட கேட்டு எழுதி வெச்சுக்குங்க. எழுதினதுல முதல் பஸ்ஸைக் குறி வைங்க. அது வரலைன்னாலும் கையில ரெண்டாவது இருக்கும்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸா இருந்தா உங்களுக்கும் மாமியாருக்கும் விடியல் பயணத்துல காசில்லை. தனியார் பஸ்ல ஏறினா எல்லாருக்கும் டிக்கெட் உண்டு.

கல்லறைக்_கல்:
கோட்டை பற்றி முதலில் பையனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கோட்டை இல்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையை ஆங்கிலேயர்கள் 1806இல் இடித்துவிட்டார்கள். இன்று இருப்பது முள்ளும் புதரும் மண்டிய மேடும், அகழி இருந்த பள்ளமும். ‘கோட்டை எங்கே’ என்று ஆட்டோக்காரரைக் கேட்டால் அந்தப் புதரைத்தான் காட்டுவார், அவர் ஏமாற்றவில்லை.

கோட்டையைப் பார்க்க வேண்டிய இடம் டச்சுக் கல்லறைத் தோட்டம். அங்கே ஒரு கல்லறைக் கல்லின் மேல் கோட்டையையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். பையனை அதைத் தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் ஓடிவிடும். நுழைவாயிலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பயப்பட மாட்டான் என்றால் அதுவும் பிடிக்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கதவு சாத்தியிருந்தால் பக்கத்துக் கடையில் விசாரியுங்கள், ஏறிக் குதிக்க வேண்டாம்.

போகும் நேரம் முக்கியம். எழுத்துகளும் சின்னங்களும் கருங்கல்லில் செதுக்கியவை, வெயில் சாய்வாக விழும்போதுதான் நிழல் கட்டி எழுத்து துலங்கும். காலை ஒன்பது, ஒன்பதரைக்குப் போனால் படிக்கலாம். உச்சி வெயிலில் போனால் எல்லாக் கல்லும் ஒரே வெளுப்பாகத் தெரியும், போட்டோவிலும் ஒன்றும் விழாது. எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. மொழி தெரியாவிட்டாலும் ‘அன்னோ’ என்ற சொல்லைத் தேடினால் போதும், அதையடுத்து வருவது ஆண்டு. 1600களின் ஆண்டுகளைப் பையனே வாசித்துவிடுவான்.

பின்னணியையும் கொஞ்சம் சொல்லி அழைத்துப் போங்கள். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் 1690 வரை இந்த ஊர்தான், பிறகுதான் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1781இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் பிடித்ததும் மறுபடி இங்கே வந்தார்கள். 1825இல் ஊர் முழுதாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. இங்கிருந்து துணி கப்பலேறி இந்தோனேசியத் தீவுகளுக்குப் போயிற்று, அதைக் கொடுத்து அங்கே ஜாதிக்காய், கிராம்பு வாங்கினார்கள். துணியோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்ச காலத்தில் தன்னையோ பிள்ளையையோ விற்ற தமிழ், தெலுங்குக் குடும்பத்தார் அடிமைகளாக பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பப்பட்டது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். அவர்களுக்குக் கல்லறைக் கல் கிடையாது. பதினொரு வயதில் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்து பள்ளிவாசலில் உள்ள சூரிய நிழற்கடிகாரம். தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டுவிட்டுப் பாருங்கள். பையன் கையில் வாட்ச் இருந்தால் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துவராது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வகுத்தது, பழவேற்காடு ஏறக்குறைய 80.3 பாகை. பாகைக்கு 4 நிமிடம் வீதம் 9 நிமிடம் நிழல் பின்தங்கும். அதோடு சூரியனே ஆண்டு முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை. பிப்ரவரி நடுவில் நிழல் ஏறத்தாழ 23 நிமிடம் பின்னால் இருக்கும், நவம்பர் தொடக்கத்தில் வாட்சை விட 7 நிமிடம் முந்தும்.

செம்புராங்கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். மகிமை மாதா ஆலயத்தின் வரலாறு போர்த்துக்கீசியர் காலத்தது, கட்டடம் புதிது. நேரமிருந்தால் போதும். பனையோலைக் கூடை, பெட்டி முடையும் பெண்கள் இந்த ஊரில் உண்டு. வாங்குவதென்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

காசிமேட்டு_வலை:
படகு விஷயம் சொல்றேன். ஏறாதீங்க. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்கு இங்க படகு கவுந்து 22 பேர் செத்தாங்க. அளவுக்கு மேல ஆளு, ஒருத்தர் மேலயும் லைஃப் ஜாக்கெட் இல்ல. அதுக்கப்புறம்தான் உல்லாசப் படகுக்குத் தடை போட்டாங்க. இன்னிக்கும் கரையில யாராவது வந்து ‘முகத்துவாரம் காட்டறேன், வாங்க’ன்னு கூப்பிடுவான். ஏரி பார்க்க முட்டி ஆழம் மாதிரிதான் இருக்கும், பல இடத்துல அவ்ளோதான். ஆபத்து அங்க இல்ல. ஏரித்தண்ணியும் கடலும் மோதுற வாயிலதான். வத்தம் அடிக்கிற (கடல் மட்டம் இறங்குற) நேரத்துல தண்ணி கடலைப் பார்த்து இழுக்கும், எதிர்க்க அலை வரும், நடுவுல மாட்டுன படகு குறுக்க திரும்பிச்சுன்னா முடிஞ்சுது.

ஏரி பார்க்கணும்னா பாலத்து மேல நின்னு பாருங்க, நல்லாவே தெரியும். பாலம் தாண்டி கலங்கரை விளக்கம் இருக்கற குப்பம், அதுக்கு அந்தாண்ட கடல். நடக்கற தூரம்தான், ஆனா நிழல் கெடையாது. பெரியம்மாவுக்கு ஆட்டோ வெச்சுக்கோங்க, போக வர, காத்திருக்கறதுக்கும் சேர்த்து மொத்தமா பேசிக்கோங்க. கடல்ல கால் நனைக்கறதோட சரி, பையனைக் குளிக்க விடாதீங்க.

இப்ப இறால். காலையில வாங்காதீங்க. மார்க்கெட்டைக் காலையில சும்மா பாருங்க, சாப்பிட்டுட்டு பஸ் ஏறப் போறப்ப வாங்குங்க. வாங்குன இடத்துலயே தலையை எடுத்துடச் சொல்லுங்க. இறால் கறுக்க ஆரம்பிக்கிறதே தலையிலதான், அங்கிருந்துதான் உடம்புக்கு இறங்கும். ஒரு கிலோ இறாலுக்கு ஒரு கிலோ பொடி ஐஸ், கீழ ஒரு அடுக்கு, மேல ஒரு அடுக்கு. ஐஸ்தண்ணியில இறால் ஊறக்கூடாது, சப்புன்னு ஆயிடும். அதனால உள் கவர்ல இறாலை இறுக்கிக் கட்டி, ஐஸை வெளிக் கவர்ல போட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில வைங்க. வெறும் கவரா எடுத்துட்டுப் போனா பஸ்ல ஒழுகும், கண்டக்டர் சத்தம் போடுவாரு, நியாயம்தான்.

பச்சை நண்டுன்னா நேர்மாறு. ஐஸ் வேணாம். கொடுக்கைக் கட்டி உசுரோட ஈரச் சாக்குல போட்டுத் தருவாங்க, அப்படியே வீடு வரைக்கும் கொண்டு போவணும். செத்த நண்டை மலிவா குடுத்தாலும் வாங்காதீங்க.

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுத் தடை. ஏரி இறால், மடவை அப்பவும் வரும், கடல் மீன் வரத்து கொறயும், விலை ஏறும். ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடற அன்னிக்கும் கடலுக்குப் போவ விடமாட்டாங்க, மார்க்கெட் டல்லாத்தான் இருக்கும். ராக்கெட் பாக்கணும்னா அன்னிக்கு வாங்க, மீனு வேணும்னா அன்னிக்கு வராதீங்க.

தேரடித்_தெரு:
எல்லாருக்கும் நன்றி. படகை மறந்துட்டோம். மூணு சந்தேகம். மாமியாருக்கு பாத்ரூம் வசதி எப்படி? சனிக்கிழமையா ஞாயிறா? பூநாரை இங்க தெரியுமா?

கும்மிடி_லோக்கல்:
சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை லோக்கல் எண்ணிக்கை குறையும், பழவேற்காட்டுல கூட்டம் கூடும், ரெண்டும் சேர்ந்து அடிக்கும். காணும் பொங்கல் அன்னிக்கு நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. அக்டோபர், நவம்பர்ல போறதா இருந்தா மழை எச்சரிக்கை பார்த்துக்குங்க, ஆரணியாத்துல வெள்ளம் வந்தா இந்தப் பக்கத்து ரோடெல்லாம் சிக்கல்.

பாத்ரூம் வேலையை பொன்னேரில முடிச்சுட்டு பஸ் ஏறுங்க. பழவேற்காட்டுல சாப்பிடுற ஓட்டல்ல இருக்கான்னு உட்காரும் முன்னாடியே கேளுங்க, இல்லேன்னா வேற ஓட்டல்.

படி விஷயம்: பொன்னேரில நடைமேம்பாலம் ஏற வேண்டி வந்தா அவசரப்படாம ஏறட்டும். கூட்டத்தோட கூட்டமா தண்டவாளத்துல இறங்கிக் கடக்க வேண்டாம், இங்க நிக்காத எக்ஸ்பிரஸ் முழு வேகத்துல போகும். திரும்பும்போது பிளாட்பாரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடுங்க, கடைசி நிமிஷத்துல ஓட்டம்னா முட்டி தாங்காது.

ஈரநிலம்:
பூநாரைக்காக மட்டும் பழவேற்காடு போக வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வரும், ஆனால் ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான், கூட்டமாக நிற்பதும் அந்தப் பக்கம்தான். இதே லோக்கலில் சூலூர்ப்பேட்டை வரை போய், ஸ்ரீஹரிகோட்டா சாலையில் ஆட்டோ பிடித்தால் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். அதைத் தனி நாளாக வையுங்கள். பழவேற்காட்டுப் பாலத்திலிருந்து உள்ளான், கொக்கு, ஆலா போதுமான அளவு தெரியும். பழைய பைனாகுலர் ஏதாவது இருந்தால் பையனிடம் கொடுங்கள்.

திருப்பாலைவனத்தில் இறங்கி சிவன் கோயில் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு கணக்கு: நடை மாலை நாலு மணிக்கு மேல்தான் திறக்கும். இறாலை ஐஸில் வைத்துக்கொண்டு அங்கே ஒரு மணி நேரம் நின்றால் அடுத்த பஸ்ஸுக்கும் காத்திருக்க வேண்டும், ஏழரை நடக்காது. கோயில் வேண்டுமென்றால் காலையில் போகும்போதே இறங்கிவிடுங்கள், கல்லறைத் தோட்டத்தில் வெயில் கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.