பாட்டுப் புத்தகத்தை நீட்டிய கை

கொழும்பில் முதன்முதலாக ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்குள் போய் உட்கார்ந்தபோது உங்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? என்ன செய்தார்கள்? எல்லோரும் எழுதினால் நன்றாயிருக்கும். நான் தொடங்குகிறேன்.

2007 இல் வேலைக்காக மட்டக்களப்பிலிருந்து வந்தேன். வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் அறை. போர் நடந்த அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் காலி வீதிக்கு இறங்கப் பயம். கிழக்கு முகவரி என்றால் சோதனைச் சாவடியில் இரண்டு கேள்வி கூடும். இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமையும் அறைக்குள்ளேயே கிடந்தேன். அம்மா ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் கேட்பார், "ஆராதனைக்குப் போனியா மகள்?"

ஒரு ஞாயிறு துணிந்து போனேன். மெதடிஸ்த சபை, தமிழ் ஆராதனை. கடைசி வாங்கில் போய் இருந்தேன். பாட்டு எண்ணைப் போதகர் சொன்னதும் எல்லோரும் தங்கள் தங்கள் புத்தகத்தை விரித்தார்கள். அப்போது பாட்டு வரிகளைக் காட்டுகிற திரை கிடையாது. என்னிடம் புத்தகமும் இல்லை. பக்கத்தில் வெள்ளைச் சேலை உடுத்திய ஓர் அன்ரி ஒன்றும் பேசாமல் தன் புத்தகத்தை எனக்கும் தனக்கும் நடுவில் பிடித்தார். விளிம்பெல்லாம் பழுப்பேறி, முதுகில் பழைய துணி ஒட்டிய புத்தகம்.

முதல் பாட்டு, மேல்நாட்டு மெட்டில் பாடுகிற ஞானப்பாட்டு. சிக்கல் இல்லை. ஓர்கன் வாசிக்கிற மெட்டு மட்டக்களப்பிலும் அதுதான், கொழும்பிலும் அதுதான். இரண்டாவது பாட்டு, கர்நாடக ராகத்தில் பாடுகிற கீர்த்தனை. பாடத் தெரியும் என்ற நம்பிக்கையில் புத்தகத்தைப் பார்க்காமலே வாயைத் திறந்தேன். மெட்டு வேறு! சொல் என்னுடையது, பாட்டு என்னுடையதில்லை. அப்படியே நிறுத்திவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

அப்போது எனக்கு விளங்கவில்லை, பிறகுதான் யோசித்தேன். எங்கள் ஊருக்கு மெதடிஸ்த சபை 1814 இலேயே வந்துவிட்டது. காலியில் வந்திறங்கிய மிஷனரிமாரில் ஒருவரான வில்லியம் ஓல்ட் அந்த ஆண்டே மட்டக்களப்புக்கு வந்தார். கொழும்புப் புறக்கோட்டை ஆலயம் 1816 இல் திறக்கப்பட்டது. ஆக, சபைகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே வயது. கீர்த்தனைகளோ தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் பாடி, கடல் தாண்டி வந்து, வாயிலிருந்து வாய்க்குப் போனவை. பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும், சுரம் இருக்காது. ஊருக்கு ஊர் மெட்டு வளைந்ததில் ஆச்சரியம் என்ன? யாழ்ப்பாணத்தார் ஒரு விதமாக, மலையகத்தார் இன்னொரு விதமாக, நாங்கள் எங்கள் விதமாக. எல்லோரும் கொழும்பில் வந்து ஒரே வாங்கில் இருக்கிறோம்.

ஆராதனை முடிந்ததும் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பிள்ளை, உங்கட ஊரில அதை வேற மாதிரியே பாடுறவை?" ஆம் என்றேன். "அப்ப பாடிக் காட்டுங்கோ." வாசலில், எல்லோரும் பிளேன்ரீயோடு நிற்கிற இடத்தில், மெதுவாகப் பல்லவியைப் பாடினேன். அவர் திரும்பப் பாடினார். அனுபல்லவியில் ஓர் இடத்தில் பிழைத்தது, திருத்தினேன். அன்று முதல் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு அவருடைய தொடர்மாடி வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, போதகர் கடைசி நேரத்தில் பாட்டை மாற்றினார். அன்ரி சரியாகப் பாடிக்கொண்டே இருக்கிறார், புத்தகத்தில் விரிந்திருப்பது பழைய பாட்டு! அப்போதுதான் கவனித்தேன். கண்ணில் வெண்படலம், அச்செழுத்து அவருக்குத் தெரியாமல் போய் எத்தனையோ காலம். எல்லாப் பாட்டும் மனப்பாடம். அப்படியானால் புத்தகம் ஏன்? கேட்டேன். "ஆரும் புத்தகம் இல்லாமல் வந்தால் குடுக்க வேணுமெல்லே" என்றார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

நாங்கள் கத்தோலிக்கர். என் அனுபவம் முதல் நாளைப் பற்றியதில்லை, 2019 ஐப் பற்றியது.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது வீட்டுக்குக் கேட்டது. அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் இயலாது. அடுத்த ஞாயிறு கொழும்பில் பூசை இல்லை. கர்தினால் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அப்பா எழுந்து நின்றார், நாங்களும் நின்றோம். பதில் சொல்வதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரம் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். சைவக் குடும்பம். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாரிடம் போகிறவர். மெழுகுதிரி ஒன்று கொண்டுவந்திருந்தார். "நானும் இருக்கவா?" என்றார். அவர் வந்து தரையில் இருந்த பிறகுதான் எங்கள் வாய் திறந்தது.

ஜூன் 12 ஆம் தேதி, திருநாளுக்கு முதல் நாள், திருத்தலத்தைத் திரும்பத் திறந்தார்கள். அதற்கு அடுத்த செவ்வாய் அக்காவும் நானும் போனோம். வாசலில் பையைச் சோதித்தார்கள். உள்ளே அந்தோனியார் பாட்டு தொடங்கியதும் நான் தாளைத் தேடுகிறேன், அவர் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை தாள் இல்லாமல் பாடுகிறார். ஞானஸ்நானம் பெற்றவள் நான்தான்.

தெஹிவளையிலிருந்து

பாடகர் குழுவில் இருபது வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆலயத்தில் வருடத்துக்குச் சில தடவை மும்மொழி ஆராதனை நடக்கும். ஒரே மெட்டு, அவரவர் தங்கள் மொழியில் ஒரே நேரத்தில் பாடுவார்கள். கேட்கிறவர்களுக்கு அழகு. பாடுகிறவர்களுக்குத்தான் தெரியும் அதன் கஷ்டம். மேல்நாட்டு மெட்டில் ஓர் அடிக்கு இத்தனை சுரம் என்று கணக்கு. ஆங்கிலத்தில் ஓரசையில் முடிகிற சொல்லுக்குத் தமிழில் மூன்று எழுத்து வேண்டும். மொழிபெயர்த்தவர்கள் அதை எப்படியோ அடக்கினார்கள். ஆனால் நீண்ட சுரத்தில் குறில் வந்து விழுந்தால் நெடிலாகிவிடும். "அன்பு" என்று எழுதியிருக்கும், "அன்பூ" என்று பாடுவோம். கீர்த்தனையில் இந்தத் தொல்லை இல்லை, அது தமிழின் மூச்சுக்கு அளவெடுத்தது. அதனால் ஞானப்பாட்டை நான் உள்ளூரக் குறைவாகத்தான் நினைத்திருந்தேன்.

ஒரு மும்மொழி ஆராதனையில் எனக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள மாமா. அவர் சிங்களத்தில், நான் தமிழில். மூன்றாம் சரணத்தில் அவர் குரல் உடைந்தது. அவர் எந்தச் சொல்லில் அழுதார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் பாட்டில் எந்த இடம் என்று தெரியும், ஏனென்றால் நானும் அந்த இடத்தில்தான் நின்றேன். மெட்டு ஒன்றாயிருப்பது எதற்கு என்று அன்று விளங்கியது. முடிந்ததும் "மகே புத்தா" (என் மகன்) என்று தோளில் தட்டினார். மகன் அந்த வருடம் இறந்தானாம். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

வத்தளையிலிருந்து

2020 மார்ச் 20 இலிருந்து ஊரடங்கு. ஞாயிறு ஆராதனை ஸூமில். எல்லோரும் சேர்ந்து பாடினால் ஒருவர் குரல் ஒரு வரி பின்னால் வரும், அதனால் ஒரு குடும்பம் மட்டும் பாட, மற்றவர்கள் ஒலியை அடைத்துவிட வேண்டும் என்று ஒழுங்கு. எங்கள் சபையின் மூத்த ஐயா ஒருவருக்கு அந்தப் பொத்தான் பிடிபடவேயில்லை. தனியாக இருக்கிறவர். வாரா வாரம் பாட்டு முடிந்த பிறகும் அவருடைய கடைசி வரி வந்துகொண்டிருக்கும். போதகர் காத்திருப்பார். யாரும் அவரை அடைக்கவில்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து

எல்லோரும் நல்லதை எழுதுகிறீர்கள். சந்தோஷம். என்னிடம் அது இல்லை. ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள், இங்கே ஒரு புடவைக் கடையில் வேலை. ஞாயிறு மாறி மாறித்தான் லீவு. ஓர் ஆலயத்துக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை ஒருவர் "எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். "ஆ" என்றார், அவ்வளவுதான். மற்ற இரண்டு தடவையும் அதுவும் இல்லை. எங்கள் தோட்டத்து ஆலயத்தில் புதிதாக ஒருவர் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டுக்கூட இடம் கொடுப்பார்கள். கொழும்பில் புத்தகம் நீட்டிய கைகளைப் பற்றி வாசிக்கும்போது எனக்குக் கோபமும் வருகிறது, ஆசையும் வருகிறது.

தொடங்கியவரிடமிருந்து

தங்கச்சி, உங்களை யாரும் கவனிக்காமல் விட்டது எங்கள் எல்லோருடைய குற்றம். அதற்குச் சமாதானம் சொல்லப் போவதில்லை. நானும் இப்போது முன்வாங்கில், தெரிந்தவர்களோடுதான் இருக்கிறேன். கடைசி வாங்கில் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்து எவ்வளவு காலம் என்று நினைத்துப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது.

உங்களுக்கு எந்த ஞாயிறு லீவு என்று தனியாகச் செய்தி அனுப்புங்கள், ஆலயத்தின் பெயரும் நேரமும் சொல்கிறேன். கடைசி வாங்கில் இடது பக்கம் இருப்பேன். இப்போது திரை வந்துவிட்டது, என்றாலும் புத்தகம் கொண்டுவருவேன். உங்கள் தோட்டத்துக் கீர்த்தனை மெட்டு எனக்குத் தெரியாது. முடிந்ததும் வாசலில் பாடிக் காட்ட வேண்டும்.