மறு: பென்னன்டுக்கு 'வெல்கொடி', உலகத் தொடருக்கு 'வாகை' – பேஸ்பால் அட்டவணைச் சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் எந்த ஆண்டில் எந்த அணி வென்றது என்ற அட்டவணையைத் தமிழில் தொகுக்கிறேன் என்றும், 'பென்னன்ட்' என்ற சொல்லில் சிக்கி நிற்கிறேன் என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். புதியவர்களுக்காக ஒரு வரி: அங்கே நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என இரண்டு லீக்குகள் உண்டு; தன் லீக்கை வெல்லும் அணிக்குக் கிடைப்பது பென்னன்ட் என்ற கொடி, அப்படி வென்ற இரண்டு அணிகளும் மோதுவது உலகத் தொடர். வந்த மடல்கள் அனைத்தையும் பொறுமையாகப் படித்தேன். நேரம் ஒதுக்கி எழுதிய எல்லோருக்கும் நன்றி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பென்னன்டுக்கு 'வெல்கொடி' என்றும், உலகத் தொடரை வெல்வதற்கு 'வாகை' என்றும் எழுத விரும்புகிறேன். இரண்டும் தனித்தனிச் சொற்களாக இருந்தே ஆக வேண்டும். இனி உங்கள் கருத்துகளுக்கு வருகிறேன்.

> இவ்வளவு நுணுக்கம் தேவையா? 'சாம்பியன்' என்பது சிற்றூரில்கூடப் புரிகிறது. லீக் சாம்பியன், உலகச் சாம்பியன் என்று எழுதலாமே.

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். 1951ஆம் ஆண்டுக்கு வந்ததும் என் மொழிபெயர்ப்பு உடைந்துபோனது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் நேஷனல் லீக்கில் புரூக்ளின் டாட்ஜர்ஸை விட நியூயார்க் ஜயன்ட்ஸ் பதின்மூன்றரை ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது. கடைசி 44 ஆட்டங்களில் 37ஐ வென்று அது டாட்ஜர்ஸை எட்டிப் பிடித்தது. சமநிலையை உடைக்க மூன்று ஆட்டங்கள் வைத்தார்கள். அவற்றில் ஆளுக்கு ஒன்று வென்றிருக்க, மூன்றாவது ஆட்டம் அக்டோபர் 3 அன்று போலோ கிரவுண்ட்ஸில் நடந்தது. கடைசி இன்னிங்ஸ் தொடங்கியபோது ஜயன்ட்ஸ் 1-4 எனப் பின்தங்கியிருந்தது. ஒரு ஓட்டம் வந்தது. இருவர் தளங்களில் நிற்க, ரால்ஃப் பிராங்கா எறிந்த பந்தை பாபி தாம்சன் இடப்பக்க இருக்கைகளுக்குள் அடித்து அனுப்பினார். அடித்தவரும் தளங்களில் நின்ற இருவரும் ஓட்டம் எடுத்தார்கள். 5-4. வானொலியில் ரஸ் ஹாட்ஜஸ், ஜயன்ட்ஸ் பென்னன்டை வென்றுவிட்டது என்று தொடர்ந்து நான்கு முறை கத்தினார். அமெரிக்க விளையாட்டு வருணனையில் அதைவிடப் புகழ்பெற்ற கூச்சல் இல்லை என்றே சொல்வேன்.

இப்போது அந்தக் கூச்சலைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 'ஜயன்ட்ஸ் சாம்பியன்!' என்று எழுதினால் அது பொய். மறுநாள் தொடங்கிய உலகத் தொடரில் அதே ஜயன்ட்ஸ் அமெரிக்கன் லீக்கின் யாங்கீஸிடம் 4-2 எனத் தோற்றது. அக்டோபர் 10ஆம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது. 'லீக் சாம்பியன்' என்று எழுதினால் பொய்யில்லை, ஆனால் அலுவலகக் குறிப்பைப் போல இருக்கிறது. தொண்டை கிழியக் கத்தும் ஒருவர் வாயில் அந்தச் சொல் நிற்குமா? 'வெல்கொடி ஜயன்ட்ஸுக்கே! வெல்கொடி ஜயன்ட்ஸுக்கே!' என்று எழுதிப் பார்த்தேன். அறை அதிர்ந்தது.

புரூக்ளின்காரர்களின் வலியும் இந்த இரு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஏழு ஆண்டுகளிலும் அவர்கள் வெல்கொடி பெற்று உலகத் தொடருக்குப் போனார்கள். ஏழு முறையும் தோற்றார்கள். அவற்றில் கடைசி ஐந்து தோல்விகள் யாங்கீஸிடம். 'அடுத்த ஆண்டு வரட்டும்' என்பது அந்த ஊரின் வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1955இல் ஏழாவது ஆட்டத்தில் ஜானி பாட்ரெஸ் ஒரு ஓட்டமும் கொடுக்காமல் எறிந்து முடிக்க, முதல் வாகை வந்தது. வெல்கொடி, வாகை என்ற வேறுபாடு இல்லாமல் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஏழு முறை சாம்பியனான அணி எதற்காக அழுதது என்று வாசகர் கேட்பார்.

> 'கோப்பை' என்றே வைத்துக்கொள்ளலாம். கிரிக்கெட், கால்பந்து எல்லாவற்றுக்கும் அதுதானே.

பேஸ்பாலில் கொடிதான் முதலில் வந்தது. 1871இல் முதல் தொழில்முறைச் சங்கம் அமைந்தபோது, அணிகள் தலைக்குப் பத்து டாலர் நுழைவுக் கட்டணம் கொடுத்தன. அந்தப் பணம் ஒரு கொடி வாங்குவதற்காக. அந்த ஆண்டு அக்கொடியைப் பெற்றது பிலடெல்பியா அத்லெடிக்ஸ். அடுத்த நான்கு ஆண்டுகளும் பாஸ்டன் ரெட் ஸ்டாக்கிங்ஸ். 1876இல் நேஷனல் லீக் பிறந்து சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் வென்றபோதும் அதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது. அந்தக் காலத்தில் கொடியே முடிவு.

கோப்பையும் ஒருமுறை வந்து பார்த்தது. 1894 முதல் 1897 வரை, நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்த அணியும் இரண்டாமிடம் பிடித்த அணியும் டெம்பிள் கோப்பைக்காக மோதின. 1894இல் முதலிடம் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு. கோப்பையோ 4-0 என வென்ற நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு. கொடி ஒரு வீட்டில், கோப்பை இன்னொரு வீட்டில். 'கோப்பை' என்பதைப் பென்னன்டுக்குக் கொடுத்துவிட்டால் இந்த நான்கு ஆண்டுகளை எழுத நமக்கு வழியே இருக்காது. உலகத் தொடருக்கு இன்று தரும் பரிசு 1967இல்தான் வந்தது. அதிலும் கிண்ணம் கிடையாது. முப்பது அணிகளுக்கு முப்பது கொடிகளாக வட்டமாக நிற்கும் உருவம் அது.

> 'பருவ முதன்மை' எப்படி? பொருள் விளங்குகிறது, ஒலிபெயர்ப்பும் இல்லை.

இந்தப் பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1968 வரை இது பிழையின்றிப் பொருந்தும். லீக்கில் பருவம் முழுதும் ஆடி முதலிடம் பெற்ற அணிக்கே கொடி. 1969இல் ஒவ்வொரு லீக்கையும் பிரிவுகளாகப் பிரித்தார்கள். பிரிவில் வென்றவர்கள் மோதும் தொடரில் வெல்பவருக்கே கொடி என்றானது. பிறகு பிரிவில் முதலிடம் பெறாமலே தேர்வாகும் சிறப்பு நுழைவு அணிகளும் சேர்ந்தன. 2001இல் சியாட்டில் மரைனர்ஸ் பருவத்தில் 116 ஆட்டங்களை வென்றது. பருவ முதன்மை என்றால் அதைவிட என்ன வேண்டும்? ஆனால் கொடி யாங்கீஸுக்குப் போனது. 1997இல் புளோரிடா மார்லின்ஸ் தன் பிரிவில்கூட முதலிடம் பெறவில்லை. வெல்கொடியும் பெற்றது, வாகையும் சூடியது. கொடியை அடையும் வழி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. வழியைச் சொல்லுக்குள் பூட்டிவிட்டால், வழி மாறும்போது சொல் பொய்யாகிவிடும்.

ஜப்பானியரைப் பாருங்கள். லீக்கை வெல்வதை அவர்கள் 'யூஷோ' என்கிறார்கள். 1950 முதல் நடக்கும் ஜப்பான் தொடரை வெல்வதை 'நிப்போன் இச்சி' (ஜப்பானில் முதலிடம்) என்கிறார்கள். அங்கே கொடி இன்றும் பருவத்தில் முதலிடம் பெற்ற அணிக்கே. 2010இல் அங்குள்ள இரு லீக்குகளில் ஒன்றான பசிபிக் லீக்கில் மூன்றாமிடம் பெற்ற சிபா லோட்டே மரீன்ஸ் நிப்போன் இச்சி ஆனது. அந்த ஆண்டின் லீக் வெற்றி மட்டும் சாஃப்ட்பேங்க் ஹாக்ஸிடமே இருந்தது. அமெரிக்க விதியில் இப்படி நடக்க வழியில்லை. வெல்கொடி, வாகை என்ற இரண்டும் இரு நாடுகளின் அட்டவணைக்கும் அப்படியே உதவும்.

> கொடி என்றால் முல்லைக்கொடியும்தானே நினைவுக்கு வரும்? 'வெற்றிக்கொடி' ஏற்கெனவே இருக்கும்போது 'வெல்கொடி' எதற்கு?

அம்மா, நான் அதிகம் யோசித்தது இதைத்தான். 'வெற்றிக்கொடி நாட்டினார்' என்று பத்திரிகைகள் எல்லா வெற்றிக்கும் எழுதுகின்றன. தேர்தலில் வென்றாலும் வெற்றிக்கொடி, தேர்வில் தேறினாலும் வெற்றிக்கொடி. பழகித் தேய்ந்த அந்தத் தொடரைக் கலைச்சொல்லாக்கினால், ஓர் அணி உலகத் தொடரில் வெற்றிக்கொடி நாட்டியது என்று ஒருவர் எழுதும்போது எந்தக் கொடி என்ற குழப்பம் திரும்ப வந்துவிடும்.

'வெல்கொடி' வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போலக் காலம் காட்டாமல் முக்காலத்துக்கும் பொருந்தும். வென்ற கொடி, வெல்கின்ற கொடி, வெல்லும் கொடி. பென்னன்டுக்கும் இந்த மூன்று நிலைகள் உண்டு: அட்டவணையில் பதிந்துவிட்டது ஒன்று, செப்டம்பரில் இரண்டு அணிகள் மூச்சிரைக்கத் துரத்துவது ஒன்று, ஏப்ரலில் எல்லா அணிகளும் கனவு காண்பது ஒன்று. மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது என்று உணர்ந்தபோது எனக்கு உண்மையிலேயே உடல் சிலிர்த்தது. வில், புலி, மீன் என்று கொடியால் அரசரை அடையாளம் கண்ட மொழிக்கு, ஓர் ஆட்டக்களத்தின் கம்பத்தில் பறக்கும் கொடி அயலானது அல்ல. 'வெல்' முன்னால் நிற்பதால் முல்லை குறுக்கே வராது.

'வாகை' பற்றி யாரும் மறுப்பு எழுதவில்லை. டென்னிஸ், செஸ் செய்திகளில் 'வாகை சூடினார்' நாள்தோறும் வருகிறது. புறத்திணையில் வாகை போர்வெற்றியோடு நிற்கவில்லை; அவரவர் துறையில் மேம்பட்டு விளங்குவதையும் தொல்காப்பியர் அதில் சேர்த்தார். ஆகவே விளையாட்டுக்கு அதைக் கொடுப்பதில் மரபுக்கும் இடையூறு இல்லை. வென்ற அணியை 'வாகையர்' எனலாம்.

> 'உலகத் தொடர்' என்று மொழிபெயர்ப்பது தவறான பெருமைக்குத் துணைபோவது. 'அமெரிக்க இறுதித் தொடர்' என்று திருத்த வேண்டும். அந்தப் பெயரே ஒரு செய்தித்தாளின் பெயரிலிருந்து வந்ததாம்.

செய்தித்தாள் கதை பரவலாக இருக்கிறது, ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது. 1884இல் நேஷனல் லீக்கின் பிராவிடன்ஸ் அணியும் அக்காலத்து இன்னொரு லீக்கான அமெரிக்கன் அசோசியேஷனின் நியூயார்க் அணியும் மோதிய காலத்திலேயே 'உலக வாகைத் தொடர்' என்ற பொருளில்தான் அழைத்தார்கள். அது சுருங்கி இன்றைய பெயரானது. பெருமை மிகைதான், ஆயினும் அது அவர்கள் வைத்த பெயர். பெயரைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை என்பது என் உறுதியான கருத்து. மேலும், 1992, 1993 இரண்டு ஆண்டுகளிலும் வாகை சூடியது கனடாவின் டொராண்டோ புளூ ஜேஸ். 'அமெரிக்க இறுதி' என்று நாம் திருத்தினால் அந்த இரண்டு வரிகளில் நம் திருத்தமே இடறும்.

அடுத்து, இந்த இரு சொற்களையும் நான் எப்படிச் சோதித்தேன் என்பதைச் சொல்கிறேன். 1903 முதல் இன்றுவரை உலகத் தொடர் நடக்காத ஆண்டுகள் இரண்டே. 1904, 1994. ஆங்கில அட்டவணைகள் சிலவற்றில் இரண்டுக்கும் ஒரே கோடு போட்டிருக்கிறார்கள்.

1903இல் பிட்ஸ்பர்க் அணியின் உரிமையாளர் பார்னி டிரைஃபஸும் பாஸ்டன் அணியின் உரிமையாளர் ஹென்றி கில்லிலியாவும் தமக்குள் பேசி ஏற்பாடு செய்த தொடரில், ஒன்பது ஆட்டங்களில் ஐந்தை வெல்ல வேண்டும் என்ற விதிப்படி பாஸ்டன் 5-3 என வென்றது. அடுத்த ஆண்டு நியூயார்க் ஜயன்ட்ஸின் உரிமையாளர் ஜான் பிரஷும் மேலாளர் ஜான் மெக்ராவும் புதிய லீக்கான அமெரிக்கன் லீக்கோடு ஆடுவது தங்கள் தகுதிக்குக் குறைவு என்று மறுத்துவிட்டார்கள். ஆனால் கொடிகள் இரண்டும் வழங்கப்பட்டன. ஒன்று ஜயன்ட்ஸுக்கு. இன்னொன்று பாஸ்டனுக்கு; அந்தப் பருவத்தில் 41 ஆட்டங்களை வென்ற நியூயார்க் ஹைலேண்டர்ஸின் ஜாக் செஸ்ப்ரோ, பருவத்தின் கடைசி நாளில் ஒரு பந்தைக் கைதவறி உயர எறிந்துவிட, பாஸ்டன் ஓர் ஓட்டம் எடுத்தது; அந்த ஓட்டத்தில் கொடி பாஸ்டனுக்குப் போனது. ஆகவே 1904: வெல்கொடி உண்டு, வாகை இல்லை.

1994இல் ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். செப்டம்பர் 14 அன்று பருவத்தின் எஞ்சிய பகுதியும் உலகத் தொடரும் ரத்தாயின. 74 வெற்றி, 40 தோல்வி என எல்லோருக்கும் மேலே நின்ற மாண்ட்ரியால் எக்ஸ்போஸுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 1994: வெல்கொடியும் இல்லை, வாகையும் இல்லை. ஒரே கோட்டால் இதைச் சொல்ல முடியாது; இரண்டு நிரல்கள் இருந்தால்தான் எக்ஸ்போஸுக்கு நேர்ந்த இழப்பு தாளில் தெரியும்.

கறுப்பின ஆட்டக்காரர்களின் லீக்குகளையும் இதே அட்டவணையில், இதே இரண்டு நிரல்களில் சேர்க்கிறேன். 1920 முதல் 1948 வரையான ஏழு லீக்குகளை முதன்மை லீக்குகளாக 2020 டிசம்பரில் மேஜர் லீக் ஏற்றுக்கொண்டது. நம் அட்டவணை அவர்களை அடிக்குறிப்பில் ஒதுக்கக் கூடாது. 1924இல் அவர்களுடைய முதல் உலகத் தொடரில் வாகை சூடியது கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ். எதிரே நின்ற ஹில்டேல் அணிக்கும் தன் லீக்கின் வெல்கொடி உண்டு.

எஞ்சியிருப்பவை இரண்டு ஐயங்கள். மேலே சொன்ன பழைய 'உலக வாகைத் தொடர்'களில் 1885, 1890 தொடர்கள் வெற்றி தோல்வி இன்றிச் சமமாக முடிந்தன. அவற்றின் வாகை நிரலில் 'முடிவில்லை' என்பதா, 'பகிர்வு' என்பதா? பகிர்வு என்றால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. 1885க்கு அது பொருந்தவே பொருந்தாது. சிகாகோவும் செயின்ட் லூயிஸும் கடைசிவரை சண்டையிட்டன. என் சாய்வு 'முடிவில்லை'.

இரண்டாவது, செப்டம்பர் மாதத்து 'பென்னன்ட் ரேஸ்'. 'வெல்கொடிப் போட்டி' என்றால் ஒரே ஓர் ஆட்டம்போல் ஒலிக்கிறது. 'வெல்கொடி ஓட்டம்' என்றால் பேஸ்பாலில் எடுக்கும் ஓட்டத்தோடு மயங்குகிறது. 'வெல்கொடித் துரத்தல்' என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது நல்ல சொல் அனுப்பினால் 1951ஆம் ஆண்டுக் குறிப்பை அந்தச் சொல்லோடு முடித்து அட்டவணையைக் குழுவுக்கு அனுப்பிவிடுவேன்.

அன்புடன்