பொருள்: நீச்சல் குளத்தில் வருவது பாசிப்பூப்பா, பாசிப்பெருக்கமா?

மதிப்பிற்குரிய குழுமத்தாருக்கு,

நீச்சல் குளங்களைப் பராமரிக்கும் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். முந்தைய நாள் தெளிந்திருந்த நீர் மறுநாள் முழுவதும் பச்சையாகிவிடும் நிலையை மூலநூல் 'ஆல்கல் புளூம்' என்கிறது. 'பாசிப்பூப்பு' என்று எழுதிவைத்தேன், மனம் ஒப்பவில்லை. சுவரிலும் படியிலும் வழுக்கலாகப் படிவதைப் 'பாசி பிடித்தல்' என்கிறோம். நீரிலேயே மிதந்து பல்குவதற்கும் அது பொருந்துமா?

*

அன்புடையீர்,

பூவே இல்லாத உயிரிக்குப் பூப்பை ஏற்றுவது பொருந்தாது. தமிழில் பூப்பு என்றதும் நினைவுக்கு வருவதும் வேறு. ஏற்ற வினை குறுந்தொகையின் 399ஆம் பாட்டிலேயே இருக்கிறது. ஊரார் உண்ணும் கேணியின் துறையில் திரண்ட பாசியைத் தலைவியின் பசலைக்கு, அதாவது பிரிவால் மேனியில் படரும் நிறமாற்றத்துக்கு, உவமையாக்கும் பரணர், காதலர் தொடுந்தோறும் நீங்கி, விடுந்தோறும் 'பரத்தலானே' என்கிறார். பை, பசுமை, பச்சை, பசலை, பாசடை (பச்சிலை), பாசி ஆகிய அனைத்தும் ஒரே வேரின் கிளைகள் என்பதால், அவ்வுவமை சொல்லிலேயே பிறந்தது எனலாம். ஆகவே 'பாசிப்பரவல்' என்பதே என் முன்மொழிவு. கையேட்டில் குளோரினையும் 'பாசிகம்' என்றே எழுதுங்கள். அதன் கிரேக்க மூலமும் வெளிர்பச்சையைக் குறிப்பதே.

*

ஐயா,

பரணரின் கண்கூர்மையை வணங்குகிறேன், ஆயினும் பாசிகத்தை ஏற்க இயலவில்லை. 'பாசியை அழிக்கப் பாசிகம் இடுக' என்ற வரியைக் கையில் வாளியோடு நிற்பவர் படித்தால் என்ன செய்வார்? குளோரின் என்பது அவர் நாள்தோறும் புழங்கும் சொல்.

வகுப்பில் இதைக் கற்பிப்பவள் என்ற முறையில் 'பரவல்' பற்றியும் ஒரு தடை சொல்ல வேண்டும். பாசி குளத்திற்குள் வருவது வேறு, அங்கே வளர்வது வேறு. கண்ணுக்குத் தெரியாத அதன் உயிரணுக்களும் வித்துகளும் காற்றிலும் மழையிலும் தூசியிலும் வருகின்றன. ஆற்றிலோ ஏரியிலோ நனைந்து, நன்கு காயாத நீச்சலுடையிலும் ஒட்டி வருகின்றன. திறந்த குளத்தில் இந்த வருகையைத் தடுக்கவே முடியாது. வந்தவை பல்குவதோ நம் கையில் உள்ளது. வெயிலின் புற ஊதாக் கதிர் குளோரினைச் சிதைக்கிறது. நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.5இல் இருக்கும்போது, கரைந்துள்ள குளோரினில் ஏறத்தாழப் பாதி வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8ஐத் தொட்டால் அது கால் பங்காகிவிடும். அதனால் சோதனையில் குளோரின் போதுமானதாகத் தெரிந்தும் குளம் பச்சையாகலாம். நீர் வெதுவெதுப்பாக இருந்து, பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் சேர்ந்து, ஏணியின் பின்புறம், படி மூலை போன்ற நீரோட்டம் எட்டாத இடங்களும் இருந்துவிட்டால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? 'பரவல்' என்றால் வெளியிலிருந்து வந்து தொற்றியதாகவே பணியாளர் எண்ணுவார். தம் மருந்தளவைத் திரும்பிப் பார்க்க மாட்டார். 'பாசிப்பெருக்கு' என்றால் உள்ளே பல்கியது என்பது விளங்கும்.

மூலநூல் 'இளஞ்சிவப்புப் பாசி' என்று ஒன்றைக் கூறியிருந்தால், அது பாசியே அன்று, பாக்டீரியா. அங்கு 'இளஞ்சிவப்புப் படலம்' என்றே எழுதிவிடுங்கள்.

*

அம்மையீர்,

'பெருக்கு' என்பது ஏவலும் ஆகும். அச்சில் ஒற்று விடுபட்டால் 'பாசி பெருக்கு' என்றாகி, பாசியைக் கூட்டித் தள்ளச் சொல்வதாகவே படும். பெருக்கம் என்று முடித்தால் இவ்விடர் இல்லை.

*

அனைவருக்கும் நன்றி. இதுவரை எழுதியவர்களுள் பெரும்பாலோர் 'பாசிப்பெருக்கம்' என்பதற்கு இசைந்திருப்பதால் அதையே இடுகிறேன். சுவரில் படிவதற்குப் 'பாசி பிடித்தல்' நிற்கும், குளோரின் குளோரினாகவே இருக்கும். நாளை அனுப்பியாக வேண்டும்.

*

அன்புடையீர்,

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆயினும் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். தூரிகை பட்ட இடத்தில் விலகி, எடுத்த இடத்தில் மீண்டும் மூடும் பச்சையைக் காணும் பணியாளர் உடன் இருப்பவரிடம் 'பாசி பரவிவிட்டது' என்றுதான் சொல்வார். 'பெருக்கமடைந்துள்ளது' என்று சொல்ல மாட்டார்.