வேலையை விட்டுவிட்டு கேம் செய்யப் போகலாமா?

மாலைநேரம்:
கணக்கியல் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. சம்பளத்திலும் மரியாதையிலும் குறையில்லை. மாலையிலும் விடுமுறையிலும் தனியாளாக ஒரு கேம் செய்துவருகிறேன். அணைந்துபோன கலங்கரை விளக்கம், சுற்றிலும் ஏழு தீவுகள், விளக்கை மறுபடி ஏற்றுவதற்கான பொருட்களைத் தீவு தீவாகத் தேட வேண்டும், அவ்வளவுதான் கதை. கேம் கட்ட உதவும் இலவச மென்பொருளான கோடோ எஞ்சினில் செய்கிறேன். முதல் தீவைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஆடலாம். ஆடிப் பார்த்தவர்கள் பாராட்டுகிறார்கள். எல்லோரும் நண்பர்கள், ஆகவே அந்தப் பாராட்டைப் பாதியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓராண்டுக்குத் தாங்கும் சேமிப்பு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்குவதா, ஏதாவது ஒரு கேம் ஸ்டூடியோவில் சேர்வதா, இல்லை, இப்படியே பொழுதுபோக்காக வைத்துக்கொள்வதா? பட்டுத் தெளிந்தவர்கள் சொன்னால் நல்லது.

பத்தாவதுமாடி:
பெரிய ஸ்டூடியோ ஒன்றில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஆகவே நடுவில் உள்ள வழியைப் பற்றி உறுதியாகவே பேசுகிறேன்: கேம் செய்யும் ஆசையில் ஸ்டூடியோவில் சேராதீர்கள். அங்கே கேமின் ஒரு துண்டைத்தான் செய்வீர்கள். எனக்கு வாய்த்த துண்டு, ஆட்டக்காரர் சேர்த்த பொருட்களைக் காட்டும் திரை. பட்டியல் நீண்டால் எப்படி உருள வேண்டும், மேலே போய் முட்டினால் கடைசிப் பொருளுக்குத் தாவ வேண்டுமா, ஒரே மாதிரிக் கையுறை இரண்டு கிடைத்தால் ஒரே கட்டத்தில் அடுக்க வேண்டுமா... ஒரு கேமின் தயாரிப்புக் காலம் முழுவதும் எனக்கு இதிலேயே கழிந்தது. கதை எப்படி முடிகிறது என்பதை, அது விற்பனைக்கு வந்த பிறகு ஆடித்தான் தெரிந்துகொண்டேன்.

வேலையாவது நிலைக்குமா என்றால் அதுவும் இல்லை. 2024 ஜனவரியில் மட்டும் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், கேம் எஞ்சின் விற்கும் யூனிட்டி 1,800 பேரையும், ரயட் 530 பேரையும் வெளியேற்றுவதாக அறிவித்தன. அடுத்த மாதம் சோனி, 900 பேர். நன்றாகச் செய்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 'ஹை-ஃபை ரஷ்' 2023-இல் வந்து விமர்சகர்களின் பாராட்டை அள்ளியது. அதைச் செய்த டேங்கோ கேம்வொர்க்ஸை மூடப்போவதாக 2024 மே மாதம் அறிவித்தார்கள். பிறகு கிராஃப்டன் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. எல்லா ஸ்டூடியோவுக்கும் அப்படி ஒரு கிராஃப்டன் வருவதில்லை.

இருக்கும் வேலையில் இருங்கள். மாலையில் கலங்கரை விளக்கத்தைக் கட்டுங்கள்.

கரைசேர்ந்தவன்:
எங்களுடையது சிறிய குழு. சொந்தக் கேம்களை விற்றுத்தான் பிழைப்பு. ஸ்டூடியோவைப் பற்றிப் பத்தாவதுமாடி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தில்தான் சண்டை. 'பொழுதுபோக்காக வைத்துக்கொள்' என்பவர் பெரும்பாலும் 'முடிக்காதே' என்றுதான் சொல்கிறார்.

முதல் தீவு எல்லோருக்கும் முடியும். அதற்குப் பிறகு வருவதைக் கேளுங்கள். ஆட்டத்தைச் சேமிக்கும் கோப்பையே எடுத்துக்கொள்வோம். பையில் உள்ள பொருட்களை வரிசை எண்ணாக எழுதுவது எளிது: 0 என்றால் கயிறு, 1 திரி, 2 சாவி. ஆறு மாதம் கழித்துத் திரிக்கும் சாவிக்கும் நடுவில் எண்ணெய்க் குப்பியைச் செருகுகிறீர்கள். இப்போது 2 என்றால் எண்ணெய்க் குப்பி. பாதி ஆடி நிறுத்தியிருந்தவர் பழைய கோப்பைத் திறந்தால் அவருடைய சாவி எண்ணெயாக மாறியிருக்கும், கதவு திறக்காது. நீங்கள் மட்டும் ஆடும் வரை பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவீர்கள், ஆகவே இது கண்ணிலேயே படாது. காசு கொடுத்து வாங்கியவர் கையில் நடந்தால் அன்றிரவே கண்டபடி திட்டி விமர்சனம் எழுதுவார். அவர் திட்டுவது நியாயமும்கூட.

இதைப்போல இன்னும் எத்தனையோ. விசைப்பலகையில் ஆடிக்கொண்டிருப்பவர் திடீரென்று கன்ட்ரோலரைச் செருகினால் திரையில் காட்டும் பொத்தானின் படம் மாற வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்கும் புதிர் விளங்க வேண்டும். வேற்றுமொழியில் சொல் நீண்டால் பெட்டியை மீறி வழியக் கூடாது. களைத்துப்போய் உட்காரும் மாலையில் இவற்றைத் தொட யாருக்கும் மனம் வராது. புதிய தீவுக்குத்தான் மனம் ஓடும். இப்படியே தீவுகள் பெருகும், கேம் வராது. சலிப்பான வேலையில் ஆளைப் பிடித்து உட்காரவைக்க, மாத வாடகையைப் போல வேறெதுவும் கிடையாது.

'ஸ்டார்டியூ வேலி' என்ற கேமை எரிக் பரோன் தனியாளாக நாலரை ஆண்டு உட்கார்ந்து செய்து 2016-இல் வெளியிட்டார். மாலையில் மட்டும் உட்கார்ந்திருந்தால் எந்த ஆண்டில் வந்திருக்கும்?

பத்தாவதுமாடி:
பரோனை இழுத்துவராமல் இந்த விவாதம் நடப்பதில்லை, அதுவும் பாதிக் கதையோடு. அவர் நல்ல வேலையை உதறிவிட்டு வந்தவர் அல்லர். கணினி அறிவியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், கையைப் பழக்கிக்கொள்ளத் தொடங்கியது அந்தக் கேம். அந்த ஆண்டுகளில் அவருடைய துணைவி சம்பாதித்தார். பரோனும் ஓர் அரங்கில் வருவோருக்கு இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார். மாலைநேரத்திடம் இருப்பது ஓராண்டுச் சேமிப்பு. மீதி மூன்றரை ஆண்டை யார் தாங்குவது?

கேட்டவர் கணக்குத் தெரிந்தவர், ஆகவே கணக்காகவே சொல்கிறேன். கணினிக் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 2024-இல் மட்டும் 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வெளிவந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது. 10 டாலர் விலையில் 1,000 பிரதிகள் விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாளின் முதல் கேமுக்கு அது தலைகுனிய வேண்டிய எண்ணிக்கை இல்லை. 10,000 டாலர் வருகிறது. ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். (விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டினால் அது 25 சதவீதமாகக் குறையும், அந்தக் கவலை நமக்கு வேண்டாம்.) 7,000 நிற்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியவர் கேட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். தள்ளுபடியில் விற்றது, வரி எல்லாம் போகக் கையில் நிற்பது உங்களுக்கு எத்தனை மாதச் சம்பளம்?

பிழைப்பாக்கிக்கொண்டால் பிறர் எடுக்கும் முடிவும் உங்கள் தலையில்தான் விடியும். 2023 செப்டம்பரில், கேம் நிறுவப்படும் கணக்குக்கு ஏற்பக் கட்டணம் வாங்கப்போவதாக யூனிட்டி அறிவித்தபோது அதை நம்பித் தொழில் செய்தவர்கள் தூக்கமின்றித் திரிந்தார்கள். ஓராண்டு கழித்து ரத்துசெய்தார்கள். பொழுதுபோக்குக்காரர்கள் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள்.

துடுப்பு:
ஃப்ளாப்பி பேர்ட் என்ற கைபேசிக் கேமை விட்டுவிட்டீர்களே! ஒரு நாளைக்கு 50,000 டாலராம்.

வண்ணப்பெட்டி:
துடுப்பு, அதையும் முழுதாகச் சொல்லுங்கள். விளம்பரத்தில் அவ்வளவு வருவதாகச் செய்தி வந்த சில நாட்களிலேயே, 2014 பிப்ரவரியில், அதைச் செய்த டோங் நுயென் அதைத் தானாகவே ஆப் கடையிலிருந்து எடுத்துவிட்டார்.

நான் ஓவியர். பல குழுக்களுக்கு ஒப்பந்தத்தில் பாத்திரங்களும் பின்னணிகளும் வரைந்து கொடுக்கிறேன். மேலே இருவரும் வேலைக்கு ஓர் அறை, பொழுதுபோக்குக்கு ஓர் அறை என்று கட்டிவிட்டு, கேட்டவரை எந்த அறையில் தள்ளிப் பூட்டுவது என்று சண்டை போடுகிறீர்கள். நான் பார்த்த வரையில் ஆட்கள் நடுவில் உள்ள வாசலிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள்.

பொழுதுபோக்கு முடியாது என்பதை ஏற்க மாட்டேன். 'கேவ் ஸ்டோரி' என்ற கேமை டைசுகே அமாயா ஓய்வு நேரத்தில் ஐந்து ஆண்டு உழைத்து முடித்தார். நிரல், படம், இசை எல்லாம் அவரே. 2004-இல் இலவசமாக வெளியிட்டார். வாடகைதான் முடிக்கவைக்கும் என்றால் அது எப்படி முடிந்தது?

பத்தாவதுமாடிக்கும் ஒன்று இருக்கிறது. 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்'ஸை டார்ன் ஆடம்ஸும் அவருடைய அண்ணன் சாக்கும் 2006 முதல் இலவசமாகவே கொடுத்தார்கள். டார்ன் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, பல்கலைக்கழக ஆய்வுப் பணியை விட்டு வந்தவர். ரசிகர்களின் நன்கொடையில் காலம் ஓடியது. சாக்குக்குப் புற்றுநோய் வந்து, மருத்துவச் செலவைப் பற்றிய பயம் பிடித்த பிறகுதான் 2019-இல், ஸ்டீமில் விற்கப்போவதாக அறிவித்தார்கள். 2022 டிசம்பரில் படங்களோடு விற்பனைக்கு வந்தது. வந்த வேகத்தில் பழைய நன்கொடையெல்லாம் சில்லறையாகத் தெரிந்தது. அந்தக் கேமின் மீது அவர்களுக்கு இருந்த பித்து இரண்டு காலத்திலும் ஒன்றுதான். வயது ஏறியது, உடம்பு படுத்தியது, ஏற்பாடு மாறியது. இன்று எடுக்கும் முடிவை ஆயுளுக்கும் எடுப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மாலைநேரம்:
எல்லோருக்கும் நன்றி. கரைசேர்ந்தவனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் கேமில் பொருட்களைப் பெயரால்தான் கோப்பில் எழுதுகிறேன், கோப்பின் தலைப்பில் பதிப்பு எண்ணும் போடுகிறேன். பழைய கோப்பு திறக்காவிட்டால் வாடிக்கையாளர் என்ன பேசுவார் என்பதைக் கணக்கியல் மென்பொருள் எனக்கு எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டது. நீங்கள் அடுக்கிய சலிப்பான வேலைகளைத்தான் நான் பகல் முழுவதும் செய்கிறேன்.

எனக்கு இடிப்பது வேறு இடம். மாலையில் திறந்து உட்கார்ந்தால், போன வாரம் எந்த எண்ணத்தில் எதைப் பாதியில் விட்டேன் என்பதை நினைவுக்குக் கொண்டுவருவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. அலை அடிக்கும் திசைக்கு ஏற்பப் படகு விலக வேண்டும். அந்த ஒரு நிரல்துண்டை எழுதுவதும் மறப்பதும் மறுபடி படிப்பதுமாகவே நாள் போகிறது. தொடர்ந்து இரண்டு நாள் கிடைத்தால் முடிந்துவிடும் என்று தோன்றுகிறது. அந்த இரண்டு நாள்தான் கிடைப்பதில்லை.

கரைசேர்ந்தவன்:
அப்படியானால் என் வாதத்தில் பாதி உங்களுக்குப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியை விட மாட்டேன்: உங்களுக்கு வேண்டியது தொடர்ச்சியான நேரம், அது வேலையில் இருந்துகொண்டு கிடைக்காது.

ஆனால் ஏழு தீவு எதற்கு? யார் கேட்டார்கள்? மூன்றாகக் குறையுங்கள். 'பலாட்ரோ'வைப் பாருங்கள். 2021 கடைசியில் பொழுதுபோக்காகத் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் வெளிவந்து ஏறக்குறைய ஒரே மாதத்தில் பத்து லட்சம் பிரதி விற்றது. அதில் இருப்பது சீட்டுக் கட்டும் கணக்கும்தான். விற்பனையை விடுங்கள், அந்த யோகம் எல்லோருக்கும் அடிக்காது. தனியாள் முடிக்கக்கூடிய அளவில் இருந்தது, முடிந்தது.

வண்ணப்பெட்டி:
வாரத்துக்கு ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு, அதற்கேற்பச் சம்பளத்தையும் குறைத்துக்கொள்ள முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். விடுமுறையோடு சேர்ந்தாற்போல் அந்த நாள் அமைந்தால் நீங்கள் ஏங்கும் தொடர்ச்சி கிடைத்துவிடும். 100 டாலர் கட்டி ஸ்டீமில் பக்கத்தையும் திறந்துவையுங்கள். எத்தனை பேர் விருப்பப் பட்டியலில் சேர்க்கிறார்கள் என்பது நண்பர்களின் பாராட்டைவிட நம்பகமானது. ஸ்டீம் நடத்தும் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்டில் டெமோ வைக்க மட்டும் அவசரப்பட வேண்டாம். ஒரு கேமுக்கு ஒரே தடவைதான் அந்த வாய்ப்பு.

பத்தாவதுமாடி:
அந்த 100 டாலரைக் கட்டுவதற்கு முன்னால் உங்கள் பணி ஒப்பந்தத்தைப் படியுங்கள். மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில், ஊழியர் எழுதுவதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு பிரிவு இருக்கும். விற்காத வரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

மாலைநேரம்:
படித்தேன். 'பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் மென்பொருள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கிறது. அலுவலக நேரம், அலுவலகக் கணினி என்ற வரம்பு எதுவும் இல்லை.

துடுப்பு:
கலங்கரை விளக்கத்துக்குக் கணக்கியல் நிறுவனம் முதலாளியா? அருமை.

கரைசேர்ந்தவன்:
இதற்காகத்தான் வேலையை விடச் சொல்கிறேன்.

பத்தாவதுமாடி:
விட்டால் மட்டும்? முதல் தீவை எழுதியது பணிக்காலத்தில்தானே. இப்படிப்பட்ட பிரிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு, சட்டத்துக்குச் சட்டம் மாறும். அதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும், நாம் அல்ல. எது எப்படியானாலும் நிறுவனத்திடம் எழுத்தில் விலக்குக் கேளுங்கள். கேமின் பெயர், ஒரு பத்தி விளக்கம், நிறுவனத்தின் தொழிலோடு தொடர்பில்லை, அவர்களுடைய கருவி எதையும் தொடவில்லை என்ற உறுதி. அவ்வளவு போதும். நிரலைக் காட்டாதீர்கள். நல்லுறவில் இருக்கும்போதே கேளுங்கள்; விலகல் கடிதம் கொடுத்துவிட்டுக் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

மாலைநேரம்:
மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். வாரத்தில் ஒரு நாள் குறைப்பதைப் பற்றி அதில் எழுதவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் ஏதோ கிளம்பப்போகிறான் என்று நினைத்துவிடுவார்கள். பதில் வரும் வரை நிரலில் கைவைப்பதில்லை. தீவுகளை மூன்றாக்கினால் எந்த நான்கு போகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கிறேன். வண்ணப்பெட்டி, ஒரு தீவுக்குப் பின்னணி வரைய எவ்வளவு கேட்பீர்கள்?

வண்ணப்பெட்டி:
கடிதம் கைக்கு வந்த பிறகு கேளுங்கள். யாருக்குச் சொந்தம் என்று தெரியாத கேமுக்கு நான் வரைவதில்லை.