பூட்ஸ்ட்ராப்பிங்: ‘தற்தொடக்கம்’ வேண்டாம், ‘பிரை’ சரிவருமா?

வணக்கம்,

ஒரு நிரல்கருவியை உருவாக்க அதே கருவியோ அதன் முன்வடிவமோ தேவைப்படும் சிக்கலைச் சமாளித்து அதைக் கட்டுவதைப் பூட்ஸ்ட்ராப்பிங் என்கிறோம். அதற்குத் ‘தற்தொடக்கம்’ என்று நேற்று வந்த தமிழ்ச்சொல் பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வேலையில் எதுவும் தானாகத் தொடங்குவதில்லை, முன்பே செய்து வைத்த ஒன்றைக் கொண்டுவந்து போட்டால்தான் நகரும். அதையே மறைக்கும் சொல் எதற்கு?

ஸ்கீம் என்ற நிரல்மொழியை இயக்கும் கைல் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மேக்ரோ என்பது சுருக்கமாக எழுதியதை முழுநிரலாக விரிக்கும் விதி, அந்த விரிக்கும் வேலையைச் செய்வது விரிப்பி. கைலின் விரிப்பியான பி-சின்டாக்ஸின் மூலநிரலைத் திறந்தால் அதுவே மேக்ரோக்களால்தான் எழுதப்பட்டிருக்கிறது. மேக்ரோ விரிய விரிப்பி வேண்டும், விரிப்பி உருவாக மேக்ரோ விரிந்தாக வேண்டும். அதனால் ஏற்கெனவே விரித்த பிரதி ஒன்றையும் கூடவே சேர்த்துத் தருகிறார்கள். அந்தக் கோப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடுக்கடுக்காக லேம்டாக்கள் (பெயரில்லாச் செயற்கூறுகள்), எண் வால் ஒட்டிய தற்காலிகப் பெயர்கள். பார்வைக்கு ஸ்கீம் நிரல்தான், ஆனால் யாரும் கையால் எழுதியதல்ல, முந்தைய விரிப்பி எழுதித் தந்தது. அந்த முந்தையதை விரித்தது அதற்கும் முந்தையது.

இது அப்படியே உறைமோர். எங்கள் வீட்டில் பிரை என்போம். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துத்தான் இன்றைய பாலில் விடுகிறோம், அது புளித்திருந்தால் இன்றைய தயிரிலும் புளிப்பு ஏறும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984-இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் சொன்னது இந்தப் புளிப்பைத்தான்: மூலநிரலை இயந்திர நிரலாக மாற்றும் கம்பைலருக்குள் ஒருமுறை புகுந்த திருட்டு வாசல், மூலநிரலில் சுவடே இல்லாமல் அடுத்தடுத்த கம்பைலருக்கும் போய்ச் சேரும்.

‘விதை’ போதாதா என்று கேட்கலாம். 2023-இல் கீக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தினர் 357 பைட் அளவுள்ள குட்டி நிரல் ஒன்றிலிருந்து படிப்படியாக ஜிசிசி என்ற பெரிய கம்பைலர் வரை கட்டினார்களே, அதற்கு விதை பொருந்தும், ஏனென்றால் விதையும் மரமும் வேறு வேறு உருவம். (அங்கேயும் கட்டும் வேலையை ஓட்ட ஆயத்தமான ஒரு கைல் பைனரி (ஏற்கெனவே இயந்திர நிரலாக மாற்றிய பிரதி) தேவைப்பட்டது.) விரிப்பியிலிருந்து விரிப்பி, தயிரிலிருந்து தயிர் என்னும்போது பிரைதான் சரி.

மூலநிரலை மட்டும் வைத்துச் செய்வதற்கும் அடுக்களையில் வழி இருக்கிறது. பிரை இல்லாத நாளில் பாலில் மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போடுவார்கள். முதல் நாள் தயிர் கெட்டியாக இராது, அதையே பிரையாக்கி மறுநாள் தோய்த்தால் நன்றாக உறையும். இங்கேயும் பி-சின்டாக்ஸுக்குத் தேவையான மேக்ரோக்களை மட்டும் விரிக்கத் தெரிந்த சின்ன விரிப்பியைக் கையால் எழுதி, அது தரும் பிரதியால் மூலத்தை மறுபடி விரித்து, அடுத்தடுத்த இரண்டு பிரதிகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவரும் வரை ஓட்ட வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: முன்விரித்த கோப்பு ‘பிரைக்கோப்பு’, பூட்ஸ்ட்ராப்பிங் ‘பிரையிடல்’, மூலத்திலிருந்து மட்டும் செய்வது ‘பிரையிலாக் கட்டல்’. ‘உறை’ பலருக்கும் பழகிய சொல்தான், ஆனால் கடித உறை, தலையணை உறை என்று ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. பிறைநிலாவோடு குழம்பும் என்பவர்கள், பேச்சில் அது எவ்வளவு இடிக்கிறது என்று சொல்லுங்கள். உங்கள் ஊரில் உறைமோருக்கு வேறு சொல் இருந்தால் அதையும் எழுதுங்கள்.